காய்ச்சல் பார்த்து எடை போடுவது

மார்கழியில் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். சிவந்த திருவாதிரை தெரியும். அதற்குத் தெற்கே ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரங்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே மங்கலாக ஒரு சிறு வரிசை. அதன் நடுவில் இருப்பது மட்டும் துடைக்காத மூக்குக் கண்ணாடி வழியே பார்த்ததுபோல் கலங்கியிருக்கும். அதுதான் ஓரியன் நெபுலா. சுமார் 1,350 ஒளியாண்டு தூரம். உள்ளே சூரியனைப் போல் பல மடங்கு எடையுள்ள சில விண்மீன்கள் பிறந்து, சுற்றியிருக்கும் வாயுவைச் சுட்டு ஒளிர வைத்திருக்கின்றன.

அழகான காட்சிதான். ஆனால் பிரசவம் முடிந்த வீட்டின் திண்ணை விளக்கு அது. பிரசவம் இன்னும் நடந்துகொண்டிருப்பது பின்கட்டில். நெபுலாவுக்குப் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு மேகம் இருக்கிறது. 1967இல் வானியலாளர்கள் கிளைன்மனும் லோவும் 22 மைக்ரான் அலைநீளத்தில் அந்தப் பக்கம் பார்த்தபோது, சாதாரணத் தொலைநோக்கியில் ஒன்றுமே தெரியாத இடத்தில் அகச்சிவப்பு ஒளி கொட்டிக்கொண்டிருந்தது. சூரியனைப் போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வெளிச்சம், முழுக்கத் தூசியால் மூடப்பட்டு, வெப்பமாக மட்டும் கசிந்துகொண்டிருந்தது. சூரியனைவிட 8 மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன்கள் பிறப்பது இப்படிப்பட்ட பின்கட்டுகளில்தான். அங்கே இரண்டே இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிக் கதை கையில் வந்துவிடும். எவ்வளவு குளிர்? எவ்வளவு நெருக்கம்?

இரண்டும் தனித்தனிக் கேள்விகள் மாதிரி தோன்றும். முதல் கேள்வியில் தப்பு செய்தால் இரண்டாவது தானாகவே தப்பாகிவிடும் என்பதுதான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போவது.

மேகத்தின் எடையில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு. அது ஒரு ஊமை. இரண்டு அணுவும் அச்சாக ஒரே மாதிரி இருப்பதால், குளிரில் அதற்கு ரேடியோ அலையாகவோ வெப்பமாகவோ எதையும் வெளியிடத் தெரியாது. அதன் மிகக் கீழான சுழற்சி நிலையைத் தூண்டவே 500 கெல்வின் அளவு ஆற்றல் வேண்டும். இந்த மேகங்களோ 10, 15, 20 கெல்வினில் கிடக்கின்றன. 10 கெல்வின் என்றால் நம் கணக்கில் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். ஆக, ஊரின் நூறு பேரில் 99 பேர் வாய் திறக்க மாட்டார்கள். பேசுவது மிச்சமுள்ள ஒருவர்தான், தூசி. மேகத்தின் எடையில் அது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. தூசியின் எடை தெரிந்தால் நூறால் பெருக்கி மேகத்தின் எடையைச் சொல்லிவிடலாம்.

தூசி என்றவுடன் அலமாரி மேல் படியும் தூசியை நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மணலுக்கு உறவான சிலிகேட்டும் புகைக்கரிக்கு உறவான கார்பனும். குளிர் மிகுந்த இடத்தில் அதன் மேல் தண்ணீர், கார்பன் மோனாக்சைடு எல்லாம் பனியாக ஒட்டியிருக்கும். ஒரு துகளின் அளவு 0.1 மைக்ரான் சுமார். பீடிப் புகையின் துகளை இதற்குப் பக்கத்தில் வைக்கலாம்.

நெருக்கம் என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். விண்மீன் கருவுறும் இடத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு லட்சம் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் இருக்கலாம். நாம் மூச்சிழுக்கும் காற்றில் அதே இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி, அதாவது 25க்குப் பின்னால் 18 பூஜ்யம். ஆய்வகத்தில் பெரும்பாடுபட்டு உண்டாக்கும் உயர்தர வெற்றிடத்தில்கூடப் பெரும்பாலும் இந்த மேகத்தைவிட அதிக மூலக்கூறுகள் உண்டு. தூசியைக் கணக்கிட்டால் இன்னும் வேடிக்கை. மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகளில் மூன்றைக் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று தொட்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு தூசுத் துகள். அவ்வளவுதான் அந்த ‘அடர்ந்த’ மேகம்.

ஆனால் மேகம் நீளமானது. இதே அடர்த்தியில் ஒரு ஒளியாண்டு கனம் இருந்தால், பின்னாலிருந்து வரும் நட்சத்திர ஒளி எவ்வளவு குறையும் தெரியுமா? ஒன்றுக்குப் பின் 40 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுத்ததுபோல் குறையும். மூன்று தொட்டிக்கு ஒரு துகள் என்ற கஞ்சத்தனம், தூரம் சேரச் சேர, சுவராகிவிடுகிறது. ஒரு காலத்தில் இந்தக் கறுப்புத் திட்டுகளை வானத்தில் விழுந்த ஓட்டைகள் என்றே நினைத்தார்கள். பர்னார்ட் என்ற அமெரிக்கர் அவற்றைப் புகைப்படமெடுத்து 1919இல் பட்டியல் போட்டார். 1930இல் டிரம்ப்ளர், விண்மீன்களுக்கு நடுவே ஒளியைத் தின்னும் பொருள் பரவிக்கிடக்கிறது என்பதைக் கணக்காகவே காட்டினார். ஓட்டை என்று நினைத்த இடத்தில்தான் சரக்கு இருந்தது.

இந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குத்தான் சுவர். அலைநீளம் கூடக் கூட அது கண்ணாடியாகிறது. 870 மைக்ரானில் மேற்சொன்ன அதே ஒரு ஒளியாண்டு மேகம் நூற்றில் ஒரு பங்கு ஒளியைக்கூட மறைப்பதில்லை. அந்த அலைநீளத்தில் தூசி தானே மினுங்கவும் செய்கிறது. முழு மேகமும் ஒளி ஊடுருவக்கூடியது என்றால், முன்னால் இருக்கும் துகளும் பின்னால் இருக்கும் துகளும் ஒன்றையொன்று மறைக்காமல் நம்மிடம் பேசுகின்றன என்று அர்த்தம். ஒவ்வொரு துகளும் தலைக்கு இவ்வளவு என்று ஒளி தருகிறது. மொத்த ஒளியைத் தலைக்கான ஒளியால் வகுத்தால் தலைகளின் எண்ணிக்கை. 1983இல் சிகாகோவின் ரோஜர் ஹில்டிபிராண்ட் இந்த வகுத்தலை ஒழுங்காக எழுதிவைத்தார். இன்றைக்கும் மேகத்தை எடை போடுகிறவர்கள் அதையேதான் செய்கிறார்கள்.

‘தலைக்கு இவ்வளவு’ என்பதில்தான் வம்பு. அந்த ‘இவ்வளவு’ துகளின் சூட்டைப் பொறுத்தது.

கூடத்தின் இருட்டில் ஒரு பக்கம் தூபக்காலில் ஒரு துண்டுத் தணல், இன்னொரு பக்கம் ஒரு அண்டா வெந்நீர். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் படும் வெப்பத்தை மட்டும் வைத்து எது எது என்று சொல்லச் சொன்னால் திணறுவீர்கள். கொஞ்சம் பொருள், அதிகச் சூடு. நிறையப் பொருள், குறைந்த சூடு. இரண்டும் ஒரே அளவு வெப்பத்தைத் தரலாம். தொலைநோக்கியில் 870 மைக்ரானில் தெரியும் ஒரு வெளிச்சப் புள்ளியும் அப்படித்தான். தூசி 20 கெல்வினில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அந்தப் புள்ளியின் எடை 100 சூரியன் என்று வருகிறது என்போம். உண்மையில் அது 10 கெல்வினில் கிடந்தால், அதே வெளிச்சத்துக்கு 330 சூரியன் எடை வேண்டும். பத்து டிகிரி தப்பு, மூன்று மடங்கு எடை! நகைக்கடைத் தராசு இப்படி இருந்தால் ஊர் கூடிவிடும்.

வழி என்ன? கொல்லுப் பட்டறையில் நிற்கும் ஆசாரியைக் கேளுங்கள். இரும்பு பழுத்துவிட்டதா என்று அவர் வெளிச்சத்தின் அளவைப் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்க்கிறார். மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, வெளுப்பு. சின்ன ஆணியானாலும் பெரிய கொழுவானாலும் அதே சூட்டில் அதே நிறம். தூசிக்கும் நிறம் உண்டு, நம் கண்ணுக்கு எட்டாத நிறம். 300 கெல்வினில் உள்ள பொருள் 10 மைக்ரான் பக்கத்தில் உச்சமாக ஒளிரும். கோவிட் நாட்களில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி, அது பிடித்தது இந்த ஒளியைத்தான். 20 கெல்வின் தூசிக்கு உச்சம் 145 மைக்ரான். 10 கெல்வின் தூசிக்கு 290. இரண்டு மூன்று அலைநீளங்களில் பார்த்து ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்று கேட்டால், எடை எவ்வளவானாலும் விகிதத்தில் அது அடிபட்டுப்போய் வெப்பநிலை மட்டும் மிஞ்சும். வெப்பநிலை கிடைத்ததும் எடைக்குத் திரும்பலாம். வாசலில் நிற்கும் காவலாளி காய்ச்சல் பார்த்துவிட்டு, ‘சார், நீங்க எழுபத்திரண்டு கிலோ’ என்று சொல்வதுபோல.

எந்த அலைநீளங்களைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. தூசியை 10 கெல்வினிலிருந்து 20க்கு ஏற்றினால், 870 மைக்ரானில் அதன் வெளிச்சம் மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடும். 70 மைக்ரானில்? சுமார் 29,000 மடங்கு. 70 மைக்ரான் சூட்டைக் காட்டிக்கொடுக்கும், குளிர்ந்த தூசியைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. 870 மைக்ரான் எல்லாரையும் கணக்கில் எடுக்கும், சூட்டைப் பற்றி அதிகம் சொல்லாது. இரண்டும் வேண்டும். இடைப்பட்டவையும் வேண்டும்.

அங்கேதான் நம் தலைக்கு மேலிருக்கும் காற்று குறுக்கே வருகிறது. நீராவி இந்த அலைநீளங்களில் பெரும்பாலானவற்றை ஏறக்குறைய முழுக்க விழுங்கிவிடும். 1983இல் பறந்த ஐராஸ் செயற்கைக்கோள் முதன்முதலாக வானம் முழுவதையும் அகச்சிவப்பில் படமெடுத்தது. ஆனால் அதன் பார்வை 100 மைக்ரானோடு நின்றது. 15 கெல்வின் தூசியின் உச்சம் 190 மைக்ரானில். ஐராஸ் கண்ணுக்குப் பட்டதெல்லாம் மேகத்தின் சூடான மேல்தோல். அதை வைத்து எடை போட்டவர்கள் குளிர்ந்த உள்ளுடம்பை விட்டுவிட்டார்கள்.

இந்த இடைவெளியில் ஐதராபாத்தில் நடந்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் ஊர்ப் புத்தகங்களில் அது போதுமான அளவு பேசப்படவில்லை என்ற வருத்தமும் உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 100 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை ராட்சத பாலித்தீன் பலூனில் கட்டி, 30 கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே அனுப்பினார்கள். அங்கே காற்றின் நூற்றில் 99 பங்கு கீழே போய்விட்டது. உணரிகளை ஹீலியம்-3 கொண்டு 0.3 கெல்வினுக்குக் குளிர்வித்திருந்தார்கள், தேடிய தூசியைவிடவே பல மடங்கு குளிர். 1990களில் அதில் இருந்தவை மொத்தம் 12 உணரிகள். ஆறு 150 மைக்ரான் பக்கம், ஆறு 210 மைக்ரான் பக்கம். இரண்டு பட்டைகளும் ஒரே நேரத்தில் வானத்தின் ஒரே துண்டைப் பார்த்தன. விகிதத்தை நம்பலாம் என்பது அதனால்தான். நேற்று ஒரு கண்ணாலும் இன்று ஒரு கண்ணாலும் பார்த்து நிறம் சொல்ல முடியாது. பெரிய விண்மீன்கள் பிறக்கும் பல மேகங்களுக்குத் தூசியின் வெப்பநிலை வரைபடமும் அடர்த்தி வரைபடமும் அப்படித்தான் கிடைத்தன. வேலை முடிந்ததும் கருவி பாராசூட்டில் தரையிறங்கும்.

பிறகு வந்தது ஹெர்ஷெல் விண்தொலைநோக்கி. 2009 மே 14 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்றது. 3.5 மீட்டர் ஆடி, 70 முதல் 500 மைக்ரான் வரை ஆறு பட்டைகள். குளிர்விக்க எடுத்துச்சென்ற ஹீலியம் 2013 ஏப்ரலில் தீர்ந்தபோது அதன் கண் மூடியது. அதற்குள் பால்வழியின் தளம் நெடுக, மொலினாரி தலைமையில் ஒரு குழு ஐந்து பட்டைகளில் படமெடுத்து முடித்திருந்தது. பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு: 1800இல் முப்பட்டகத்தின் சிவப்புக்கு அப்பால் வெறும் இருட்டில் ஒரு வெப்பமானியை வைத்து, பாதரசம் ஏறுவதைப் பார்த்து அகச்சிவப்பைக் கண்டுபிடித்தவர்தான் வில்லியம் ஹெர்ஷெல்.

படங்களில் தெரிந்தது என்ன? மேகங்கள் உருண்டையாக இல்லை. இழைகளாக ஓடுகின்றன, இழைகள் சந்திக்கும் முடிச்சுகளில் பெரிய விண்மீன்கள் பிறக்கின்றன. 70 மைக்ரானில்கூடக் கறுப்பாக நிற்கும் முடிச்சுகள் 10 முதல் 15 கெல்வின். உள்ளே ஒன்றும் பற்றவில்லை. கரு பற்றிக்கொண்ட முடிச்சுகள் 20ஐத் தாண்டுகின்றன. விண்மீன் சுற்றுப்புறத்தைச் சுட்டு அயனியாக்கத் தொடங்கிய இடங்கள் 30ஐத் தொடும், சில அதற்கும் மேல். கவனித்தீர்களா, இவ்வளவு தடபுடலுக்கும் வெப்பநிலை ஏறியது இரண்டு மூன்று மடங்குதான். காரணம் இருக்கிறது. தூசி வாங்கும் ஒளியைத் திருப்பி உமிழ்ந்தாக வேண்டும். அது உமிழும் அளவு வெப்பநிலையின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. சூடு இரட்டிப்பாக வேண்டுமானால் 64 மடங்கு ஒளி ஊற்ற வேண்டும். பக்கத்திலேயே ஒரு லட்சம் சூரியன் எரிந்தாலும் தூசி சட்டென்று கொதித்துவிடாது. விண்மீனை ஒட்டிய உள்வட்டத்தில்தான் அது 100 கெல்வினைத் தாண்டிப் பனியெல்லாம் ஆவியாகி, மெத்தனால் போன்ற மூலக்கூறுகள் வெளியே வரும்.

ஆறாம் அடுக்கு என்று துணிந்து சொல்லிவிட்டேன். அது துகளின் தோலைப் பொறுத்தது. வாசல் வெப்பமானிக்கு மனிதத் தோல் வெப்பத்தை எப்படி உமிழும் என்று முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தூசியின் தோல் குணத்தை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. பனி போர்த்திய துகள் ஒரு மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தான துகள் வேறு மாதிரி. அதைக் குறிக்கும் எண்ணைக் கொஞ்சம் மாற்றினாலும் வெப்பநிலை அதற்கேற்ப நகர்ந்து, கோடு அளவுகளோடு அழகாகவே பொருந்திவிடும். பொருந்துவதும் சரியாக இருப்பதும் வேறு வேறு என்பதை இந்தத் துறையில் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறது.

இன்னொரு வில்லங்கம், நாம் பார்ப்பது வெங்காயத்தை வெளியிலிருந்து. பர்னார்ட் 68 என்று ஒரு சிறிய கரிய உருண்டை இருக்கிறது. பெரிய விண்மீன் அங்கே பிறக்காது, ஆனால் பாடம் படிக்க நல்ல மேகம். வெளித்தோலில் தூசி 17 கெல்வின் அளவில், மையத்தில் 8. சுற்றிலும் உள்ள விண்மீன்களின் ஒளி தோலைச் சூடாக்குகிறது, நடுவுக்கு எட்டுவதில்லை. நம் பார்வைக் கோடு எல்லா அடுக்குகளையும் துளைத்துப் போவதால் கிடைப்பது சராசரி, அதுவும் நேர்மையில்லாத சராசரி. சூடான துகள் சத்தமாகப் பேசும், குளிர்ந்தது முணுமுணுக்கும். எனவே அளந்த வெப்பநிலை நிஜத்தைவிட எப்போதும் கொஞ்சம் அதிகம், எடை கொஞ்சம் குறைவு. எங்கே அடர்த்தி மிக அதிகமோ, அங்கேதான் குளிரும் அதிகம், தப்பும் அதிகம். ஹெர்ஷெலின் 500 மைக்ரான் பார்வையும் மழுங்கல்தான். 10,000 ஒளியாண்டு தூரத்து மேகத்தில் 1.7 ஒளியாண்டுக்குக் குறைந்த எதையும் அது பிரித்துக் காட்டாது. ஒரு முழு விண்மீன் கொத்தே அதற்குள் அடங்கும்.

சரி, எவ்வளவு அடர்த்தி இருந்தால் பெரிய விண்மீன் பிறக்கும்? 2008இல் குரும்ஹோல்ஸும் மெக்கீயும் ஒரு விடை சொன்னார்கள்: மேகத்தை அழுத்தித் தட்டையாக்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1 கிராம். தண்ணீரில் சொன்னால் ஒரு சென்டிமீட்டர் ஆழம், தாம்பாளத்தில் ஊற்றிய ஆரத்தி. ஒளியாண்டுக் கணக்கில் கனமுள்ள மேகத்துக்கு அவ்வளவுதான் தேவை! அவர்கள் வாதத்திலும் வெப்பநிலைதான் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஜீன்ஸ் 1902இலேயே காட்டியபடி, குளிர்ந்த அடர்ந்த வாயு சின்னச் சின்னத் துண்டுகளாக உடையும்; 10 கெல்வினில், கன சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் மூலக்கூறு என்றால், ஒரு துண்டின் எடை ஒரு சூரியன் அளவுக்குத்தான் வரும். 50 சூரியன் எடையில் ஒன்று பிறக்க வேண்டுமானால் உடையாமல் தடுக்க வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். முதலில் பிறந்த சின்ன விண்மீன்களின் வெப்பம், தூசி போதிய அளவு நெருக்கமாக இருந்தால், வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். கம்பளிக்குள் போட்ட பழம் மாதிரி மேகம் கதகதப்பாகிவிடும், உடைவது நிற்கும். வாதம் அழகானது. ஆனால் இந்த 1 கிராமுக்கு எவ்வளவோ கீழே உள்ள மேகங்களிலும் பெரிய விண்மீன்கள் பிறப்பதைப் பின்னர் பார்த்தாயிற்று. கோட்டைக் கண்டிப்பான எல்லையாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது. பால்வழியின் மையத்துக்கு அருகே செங்கல் என்றே செல்லப்பெயர் பெற்ற ஒரு மேகம். ஒரு லட்சம் சூரியன் எடை, இருபது முப்பது ஒளியாண்டுகளுக்குள் திணித்ததுபோல். கணக்குப்படி அது விண்மீன் பட்டறையாக இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றுமே நடக்கவில்லை. தூசியைத் தொட்டால் 20 கெல்வின் சுமார். வாயுவைத் தொட்டால் அதைப் போல் பல மடங்கு. ஒரே மேகத்தில் இரண்டு காய்ச்சல். சாதாரணமாக இவ்வளவு அடர்த்தியில் வாயுவும் தூசியும் மோதி மோதி ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். மையப் பகுதியின் கொந்தளிப்பு, மோதல் சமன்செய்வதைவிட வேகமாக வாயுவைச் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது போலும். அடர்த்தி மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய செங்கல் வேண்டாம்.

இப்போது பின்கட்டின் கடைசி அறைக்கு வருவோம். பெரிய விண்மீன் பிறப்பதற்கு முன்னால், அதற்கு வேண்டிய எடை முழுவதும் ஒரே கருவாகத் திரண்டு, குளிர்ந்து, பற்றாமல் காத்திருக்குமா? அல்லது சின்னக் கருவாகத் தொடங்கி, சுற்றியுள்ள மேகத்திலிருந்து உறிஞ்சி உறிஞ்சி வளருமா? சிலியின் அடகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 அலைவாங்கிகளோடு நிற்கும் அல்மா தொலைநோக்கியை இதற்காகவே திருப்பினார்கள். 70 மைக்ரானில் கறுப்பாக நிற்கும் பெருமேகங்களில் முதலில் 12ஐப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கணக்கான கருக்கள் கிடைத்தன. 30 சூரியன் எடையுள்ள, இன்னும் பற்றாத கரு ஒன்றுகூட இல்லை. உறிஞ்சி வளர்கிறது என்ற கட்சிக்குப் பலமான சாட்சி.

நானும் அந்தக் கட்சிதான், ஏறக்குறைய. ஆனாலும் ஒரு கணக்கை இரவில் படுத்துக்கொண்டே போட்டுப் பார்ப்பேன். அல்மா பார்த்தது 1.3 மில்லிமீட்டரில். அந்த ஒரே அலைநீளத்தில் கருவின் வெப்பநிலை தெரியாது; அதற்குச் சுற்றியுள்ள மேகத்தின் வெப்பநிலையைக் கடன் வாங்க வேண்டும். மேகம் 12 கெல்வின் என்று வைத்துக்கொண்டால் ஒரு கரு 15 சூரியன் எடை வருகிறது என்போம். பர்னார்ட் 68இன் நடுவைப் போல, அந்தக் கருவின் உள்ளேயும் 8 கெல்வின்தான் என்றால், அதே வெளிச்சத்துக்கு எடை ஏறத்தாழ 30.